தாய்க்கோழியின் சீதனம்

அடைக்கோழியையும் அதன் குஞ்சுகளையும் கண்டிராதார் நம்முள் மிகச் சிலரே இருப்பர். இருபத்தொரு நாள் முட்டைகளின்மீது அமர்ந்திருந்த கோழி, குஞ்சுகள் ஓடுடைத்து வெளிவந்தபின் அவற்றைக் குப்பைமேட்டுக்கு அழைத்துச் சென்று, காலாற் கிளறி, அலகாற் கொத்திக் காட்டி, இரையெடுக்கப் பழக்கும். தாயின் எச்சம் விழுந்த மண்ணிலேயே குஞ்சுகளும் பொறுக்கித் தின்னும். இதனை அசுத்தமென்று அருவருப்பார் உண்டு. ஆயினும் அவ்வசுத்தத்தின் வழியாகவே ஒரு பெருஞ்சொத்து தாயிடமிருந்து மக்களுக்குக் கைமாறுகின்றது. அச்சொத்து இன்னதென்பதும், அது கைமாறாதுபோயின் விளையுங் கேடு இன்னதென்பதும் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் ஆராய்ச்சியாளருக்குத் தெளிவாயின. கோழியும் கறவையும் வைத்துச் சீவனம் செய்யுங் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உள்ளனவாதலின், அவ்வரலாற்றை ஈண்டுச் சிறிது விரித்துரைக்கக் கருதுகின்றோம்.

முட்டைக்குள் இருக்குங் குஞ்சின் குடல் ஏறக்குறைய வெறுமையான வீடு. அது வெளியுலகிற்கு வந்த கணந்தொட்டு, கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் அவ்வீட்டிற் குடியேறத் தொடங்குகின்றன. வளர்ந்த கோழியின் குடலிலே, சிறப்பாகப் பெருங்குடலின் தொடக்கத்தில் இரட்டையாக அமைந்துள்ள குருட்டுக்குடல்களிலே, இவை கோடிக்கணக்கில் நெருங்கி வாழும். இவற்றுட் பெரும்பாலன கோழிக்கு யாதொரு தீங்குஞ் செய்யாதன. பல நன்மையே செய்வன. தாயுடன் திரியுங் குஞ்சுக்கு இக்குடிகள் விரைவில் வந்து சேர்கின்றன. இயந்திரத்திற் பிறந்து, கழுவித் துடைத்த கொட்டகையில் வளருங் குஞ்சுக்கோ, அவை முழுமையாகச் சேரப் பல வாரங்கள் செல்லும். வீடு வெறுமையாய்க் கிடக்கும் அந்நாட்களில் முதலில் நுழைபவன் நல்லவனோ கள்வனோ, யார் அறிவார்?

தாயையுங் குஞ்சையும் பிரித்த கதை புதியதன்று. எகிப்து தேசத்தார் மண்சூளைகளில் முட்டைகளைப் பொரிப்பித்தது மிகப் பழைய வழக்கம். எனினும் இது பெருந்தொழிலாக வளர்ந்தது அமெரிக்காவிலேயாம். கலிபோர்னியா மாகாணத்துப் பெட்டலூமா என்னும் ஊரில் லைமன் பைஸ் என்பார் 1879-ஆம் வருஷத்தில் அமைத்த பொரிக்கும் பெட்டி அத்தொழிலுக்கு வித்திட்டது. பிறந்த குஞ்சின் வயிற்றினுள் மஞ்சட்கருவின் மிச்சம் இரண்டு மூன்று நாளைக்கு உணவாக இருப்பதால், அது தண்ணீருந் தீனியுமின்றிப் பிரயாணஞ் செய்யவல்லது. இதனை அறிந்த வியாபாரிகள் குஞ்சுகளை அட்டைப் பெட்டிகளில் அடைத்து ஊர்தோறும் அனுப்பினர். 1918-ஆம் வருஷத்தில் அமெரிக்கத் தபாலிலாகா அவற்றைத் தபாலிலும் ஏற்றுக்கொண்டது. கடிதத்தோடு கடிதமாகக் கோழிக்குஞ்சு வந்த விந்தையை அக்காலத்தார் எங்ஙனம் வியந்திருப்பரோ! அன்றுமுதல் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஒரு தாயின் முகத்தையேனுங் காணாமல் வளரலாயின.

இனி, மருந்தின் வரலாறு. குஞ்சு தாயைப் பிரிந்தமையால்தான் தீவனத்தில் மருந்து புகுந்ததென்று கூறின் அது மிகையாகும். அது புகுந்த வழி வேறு, தற்செயலானது. இரண்டாம் உலகயுத்தக் காலத்தில் மீன்தூள் போன்ற ஊனுணவு அருகிப்போகவே, அமெரிக்கப் பண்ணைக்காரர் சோயாமொச்சையைத் தீவனமாக இட்டனர். குஞ்சுகள் செவ்வனே வளரவில்லை. ஊனுணவிலுள்ள ஏதோ ஒரு சத்து அதில் இல்லையென்பது புலனாயிற்று. அச்சத்தே 1948-ஆம் வருஷத்திற் பிரித்தெடுக்கப்பட்ட பி-12 வைட்டமின். நியூயார்க் மாகாணத்துப் பெர்ல் ரிவரிலிருந்த லெடர்லி ஆராய்ச்சிசாலையில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்னும் இருவர், இவ்வைட்டமினை மலிவாகத் தரும் பொருளைத் தேடினர். அதே சாலையில் ஆரியோமைசின் என்னும் மருந்தைச் செய்தபின் எஞ்சிய சக்கையைக் குஞ்சுகளுக்கு இட்டுப் பார்த்தனர். 1948-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் நாளன்று, ஏனையோர் விடுமுறை கொண்டாட, ஜூக்ஸ் தாமே சென்று குஞ்சுகளை நிறுத்தார். சக்கை தின்றவை யாவற்றினும் மிக்க நிறை பெற்றிருந்தன. வைட்டமினால் மட்டும் அங்ஙனம் ஆகாதென்று பின்னர்த் துணிந்தனர். சக்கையில் ஒட்டியிருந்த மருந்தின் சிறு மிச்சமே அவ்வளர்ச்சிக்குக் காரணமாயிற்று.

இவ்விடத்தில் நம்மனோர் அறியவேண்டிய ஒரு செய்தி உண்டு. ஆரியோமைசினைத் தந்த நுண்ணுயிரை மிசௌரி மாகாணத்து வயல்மண்ணிலிருந்து பிரித்தெடுத்தவர் பெஞ்சமின் டகர் என்னும் முதியவர். அக்காலத்தில் அச்சாலையின் ஆராய்ச்சித் தலைவராயிருந்து அப்பணியை நடத்தியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். இவர் பழைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895-ஆம் வருஷத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, கடல் கடந்து சென்றவர். 1948-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அவர் காலமானார். தம் சாலையின் மருந்து மனிதர் பிணி தீர்ப்பதை அவர் கண்டார். கோழித் தொட்டியிற் கொட்டப்படுவதை அவர் காணவில்லை.

விஸ்கான்சின் சர்வகலாசாலையார் 1946-ஆம் வருஷத்திலேயே ஸ்ட்ரெப்டோமைசினைக் குஞ்சுகளுக்குக் கொடுத்து இத்தகைய வளர்ச்சியைக் கண்டிருந்தும், அஃது ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஜூக்ஸின் செய்தியோ 1950-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் நியூயார்க் பத்திரிகையின் முதற் பக்கத்தில் வந்தது. மறு வருஷமே அமெரிக்க அரசாங்கம் வைத்தியர் சீட்டின்றியே இம்மருந்துகளைத் தீவனத்திற் கலக்க இடந்தந்தது. டன் தீவனத்துக்குச் சில கிராம் மருந்து. கோழி விரைந்து கொழுக்கும். தீவனச் செலவு குறையும். நெருக்கி அடைத்தாலும் நோய் அடங்கியிருக்கும். ஏழைக்கும் இறைச்சியும் முட்டையும் மலிவாய்க் கிடைத்தனவென்பதை மறுத்தல் நியாயமன்று. இதனைச் செய்தவர்கள் பொல்லாதவர்களல்லர். பசி தீர்க்க முயன்றவர்களே.

ஆனால், கொல்லும் அளவினுங் குறைந்த மருந்து, கிருமிகளுக்குச் சிலம்பம் பயிற்றும் ஆசானாக முடிந்தது. மருந்துக்கு அஞ்சும் கிருமிகள் மடிய, அஞ்சாதவை பெருகின. பெனிசிலினைக் கண்ட அலெக்ஸாண்டர் பிளெமிங் 1945-ஆம் வருஷத்தில் நோபல் பரிசு பெற்றபோதே, குறைந்த அளவு மருந்தால் கிருமிகள் எதிர்ப்புப் பெறுமென எச்சரித்திருந்தார். 1951-ஆம் வருஷத்திலேயே ஸ்டார், ரேனால்ட்ஸ் என்போர், ஸ்ட்ரெப்டோமைசின் உண்ட வான்கோழிகளின் குடலில் அம்மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் கண்டனர். ஜப்பானியர் கண்டது இன்னும் அச்சந்தருவது. சீதபேதிக் கிருமிகள் பல மருந்துகளை ஒருங்கே எதிர்க்கும் ஆற்றலை வேற்றினக் குடற்கிருமிகளிடமிருந்து கைம்மாற்றாகப் பெறுகின்றன என்பதை 1959-ஆம் வருஷத்தில் அவர்கள் நிரூபித்தனர். வதனபே என்பார் 1963-ஆம் வருஷத்தில் ஆங்கிலத்தில் எழுதிய நீண்ட கட்டுரையால் உலகம் இதனை உணர்ந்தது. கோழியின் வயிற்றில் தீங்கின்றி வாழும் ஒரு கிருமி, தான் கற்ற வித்தையை மனிதனைக் கொல்லவல்ல கிருமிக்குக் கற்பிக்கக்கூடும் என்பதே இதன் பொருள். இங்கிலாந்தில் மைக்கேல் ஸ்வான் தலைமையில் அமைந்த குழு 1969-ஆம் வருஷத்தில், மனிதருக்குரிய பெனிசிலின், டெட்ராசைக்ளின் ஆகியவற்றை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் இடலாகாதென்று கூறிற்று.

பண்ணைக் குடும்பங்கள் கருத்தூன்றவேண்டிய சோதனை 1976-ஆம் வருஷத்தில் வெளிவந்தது. ஸ்டூவர்ட் லெவி என்னும் மருத்துவர், மாஸசூஸெட்ஸ் மாகாணத்துப் பண்ணையொன்றில் குஞ்சுகளை இரு கூறாக்கி, ஒரு கூற்றுக்கு மட்டும் டெட்ராசைக்ளின் இனத்து மருந்து கலந்த தீவனம் இட்டார். ஒரு வாரத்துக்குள் அக்குஞ்சுகளின் குடற்கிருமிகள் ஏறக்குறைய முழுவதும் அம்மருந்தை எதிர்ப்பவையாயின. சில மாதங்களில், அப்பண்ணையில் வாழ்ந்த குடும்பத்தாரின் குடலிலும் அத்தகைய கிருமிகள் மிகுந்தன. அவை அம்மருந்தை மட்டுமன்றி வேறு சில மருந்துகளையும் எதிர்த்தன. அக்குடும்பத்தார் மருந்தை வாயில் வைத்ததுமில்லை. மருந்துண்ட கோழிகளைத் தின்றதுமில்லை. அருகே வாழ்ந்தது ஒன்றே அவர்கள் செய்தது. அயல்வீட்டார் குடலில் இம்மாறுதல் காணப்படவில்லை. மருந்துத் தீவனத்தை நிறுத்தியபின் ஆறு மாதத்தில் பெரும்பாலோரிடம் அக்கிருமிகள் குன்றின. விற்பவனைக் காட்டிலும், வாங்குபவனைக் காட்டிலும், பண்ணை வாசலில் விளையாடும் அவ்வீட்டுக் குழந்தைக்கே இக்கேடு முதலில் வந்தடைகின்றது.

இனி நம் கட்டுரையின் நடுநாயகமான செய்திக்கு வருவோம். பின்லாந்து ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள குளிர்தேசம். 1971-ஆம் வருஷத்தில் அங்குள்ள கறிக்கோழிப் பண்ணைகளில் ஸால்மொனெல்லா இனத்து இன்பான்டிஸ் என்னுங் கிருமி திடீரெனப் பரவிற்று. தீவனத்திற்கென வந்த சரக்கொன்றிலிருந்தே அது வந்தது. மக்களும் நோயுற்றனர். ஹெல்ஸிங்கி நகரத்தில் இதனை ஆராய்ந்தவர் எஸ்கோ நூர்மி என்னுங் கால்நடை வைத்தியர். பிறந்த நாளிலுள்ள குஞ்சை இந்நோய் பற்றச் சில கிருமிகளே போதும். அதே குஞ்சு சில வாரம் வளர்ந்துவிடின் இலட்சக்கணக்கில் ஊட்டினாலும் எளிதிற் பற்றாது. இது பலருக்கும் தெரிந்திருந்தது. நூர்மி இதற்குக் காரணம் வினவினார். வளர்ந்த கோழியின் காவல் அதன் குடலில் நிறைந்துள்ள குடிகளே. இளங்குஞ்சுக்கு அக்குடிகள் இல்லை. தாயிருப்பின் அவை முதல் நாளே வந்திருக்கும் என்று அவர் உய்த்துணர்ந்தார்.

பின்பு அவர் செய்தது நம் பாட்டிமார் கேட்டால் முகஞ்சுளிக்கத் தக்கது. நோயற்ற வளர்ந்த கோழியின் குடலிலுள்ளதை எடுத்து நீர்மமாக்கி, பிறந்து ஒரு நாளான குஞ்சுகளின் இரைப்பையிற் செலுத்தினார். அதன்பின் ஸால்மொனெல்லாவை ஊட்டினார். தாய்க்குடிகளைப் பெற்ற குஞ்சுகளிற் பெரும்பாலன தப்பின. பெறாதவற்றை நோய் பற்றிற்று. தம் துணைவரான ரன்டலா என்பவருடன் சேர்ந்து இதனை 1973-ஆம் வருஷத்தில் 'நேச்சர்' பத்திரிகையில் இரண்டே பக்கங்களில் வெளியிட்டார். குப்பைமேட்டில் அடைக்கோழி செய்துவந்த தொழிலை ஒரு வைத்தியர் குழாய்கொண்டு செய்து காட்டினார். இம்முறைக்கு 'நூர்மி முறை' என்றே பெயராயிற்று.

இது பயன்படுவது எவ்வாறு? நற்குடிகள் குடற்சுவரில் தங்குமிடங்களை முன்னரே பற்றிக்கொள்கின்றன. உணவையும் பங்கிட்டுத் தீர்க்கின்றன. தீனியைப் புளிக்கவைத்து அமிலங்களைத் தோற்றுவித்துக் கள்வனுக்கு ஒவ்வாத சூழலை உண்டாக்குகின்றன. ஊரில் குடிகள் நிறைந்திருப்பின் திருடனுக்கு ஒதுங்கத் திண்ணையேது? இங்கு ஒரு நுட்பமுண்டு. தயிரில் வாழும் கிருமி போன்ற ஒரே இனத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது இத்தகைய காவல் கிட்டவில்லை. பல இனங்கள் கலந்த முழுக் குடியமைப்பே நன்கு காத்தது. அக்கலவை பின்லாந்தில் 1987-ஆம் வருஷம்முதல் 'பிராய்லாக்ட்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்க அரசாங்கமோ, கலவையில் இன்னின்ன கிருமி உள்ளதென்று பெயர் சொல்லவேண்டுமெனப் பிடிவாதஞ் செய்தது. இனந்தெரியாதவற்றோடு நோயும் ஒளிந்து வரலாமன்றோ? அதனால் டெக்ஸாஸ் மாகாணத்து அரசாங்க ஆராய்ச்சிசாலையார், 29 வகைக் கிருமிகளை எண்ணி அறிந்து சேர்த்த கலவையொன்றைச் செய்தனர். 1998-ஆம் வருஷத்தில் அதற்கு அனுமதி கிடைத்தது. அதனைப் பனிபோலக் குஞ்சுகள்மீது தெளிப்பர். குஞ்சுகள் தம் மென்மயிரைக் கோதும்போது அது வயிற்றுட் செல்லும்.

இத்தகைய பொருள்களுக்குப் 'புரோபயாடிக்' என்று பெயர். உயிருக்குச் சார்பானது என்பது இதன் பொருள். உயிருக்குப் பகையானதென்று பொருள்படும் 'ஆன்டிபயாடிக்' என்பதற்கு எதிர்மொழி. மோர், தயிர் முதலியவற்றிலுள்ள நுண்ணுயிர்களை உண்பதால் நன்மையுண்டென்று ருஷ்யப் பேரறிஞர் மெச்னிகாவ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாதித்தார். தீவனத்திலிடும் நற்கிருமிகளுக்குப் 'புரோபயாடிக்' என்னும் பெயரை 1974-ஆம் வருஷத்தில் வழங்கினவர் பார்க்கர். அப்பெயர் வந்தபின் நல்லதும் பொல்லதுமாகப் பற்பல சரக்குகள் சந்தைக்கு வந்தன. ஆராய்ச்சியால் நிறுவப்பட்டவை சில. விளம்பரத்தால் மட்டும் வாழ்ந்தவை பல.

நற்கிருமியைப் புகழுமிடத்து அதன் எல்லையையுங் கூறுதல் கடன். நூர்மியின் கலவை, நோய் நுழையுமுன் கொடுத்தால் காக்கும். பொரிப்பகத்திலேயே நோய் பற்றிய குஞ்சை மீட்காது. நோயுற்ற கோழிக்கு வைத்தியமும் தக்க மருந்தும் வேண்டும். அதனை மறுப்பது பிராணிக்குச் செய்யுங் கொடுமை. மேலும் தீவனத்தில் ஆன்டிபயாடிக்கையும் புரோபயாடிக்கையும் சேர்த்திட்டால், முன்னது பின்னதைக் கொன்றுவிடும். இரண்டையும் ஒருங்கே வாங்கி இடுவார் காசைக் கரியாக்குபவரே.

மருந்தை நிறுத்திய தேசங்கள் பட்ட பாடும் நாம் அறியத்தக்கது. ஸ்வீடன் தேசத்து விவசாயிகள் சம்மேளனம் 1981-ஆம் வருஷத்தில், மருந்தைக் குறைத்துக் கட்டுப்படுத்த வேண்டுமெனத் தானே கொள்கையறிக்கை வெளியிட்டது. மருந்தால் இலாபம் பெற்றவர்களே அதனை வேண்டாமென்றனர் என்பது, சங்கம் நடத்துவோர் எண்ணிப் பார்க்கத்தக்க அரிய செய்தி. மக்கள் நம்பிக்கை போனபின் இறைச்சியை யாருக்கு விற்பது என்னும் வியாபார அறிவும் அதிற் கலந்திருந்ததென்றே கருதுகின்றோம். அதனால் அதன் பெருமை குன்றாது. 1986-ஆம் வருஷத்தில் வளர்ச்சிக்காக மருந்திடுதல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. உலகில் முதன்முதல் அங்ஙனம் முழுவதும் தடுத்த தேசம் அதுவே. கோழிப்பண்ணைகள் ஒருவாறு சமாளித்தன. பன்றிப்பண்ணைகளிலோ, பால்குடி மறந்த குட்டிகளுக்குக் கழிச்சல் மிகுந்து பலர் நட்டமுற்றனர். கொட்டகையை ஒழித்துக் கழுவி ஆறவிடுதல், நெருக்கம் குறைத்தல், குட்டியைத் தாயிடம் இன்னுஞ் சில நாள் விட்டுவைத்தல் ஆகியவற்றாலேயே அவர்கள் தேறினர்.

டென்மார்க்கின் வரலாறும் இதையொத்ததே. அங்கே அவோபார்சின் என்னுந் தீவன மருந்தால், மருத்துவமனையில் கடைசி அம்பாக வைத்திருந்த வான்கோமைசினுக்கும் அடங்காத கிருமிகள் கோழிகளிலும் பன்றிகளிலும் பெருகியது தெரியவர, 1995-ஆம் வருஷத்தில் அதனைத் தடுத்தனர். 1998-ஆம் வருஷத்தில் கோழி வளர்ப்போர் வளர்ச்சி மருந்துகளைத் தாமே கைவிட்டனர். உலகச் சுகாதார ஸ்தாபனம் கூட்டிய அறிஞர் குழு 2002-ஆம் வருஷத்தில் கணக்குப் பார்த்தது. பன்றி வளர்ப்பில் செலவு சுமார் 1 சதவீதம் ஏறியதென்றும், கோழி வளர்ப்பில் தீவனம் சிறிது மிகுதியாகச் செலவாயினும் மருந்துச் செலவு மிஞ்சியதால் அது சரிக்கட்டப்பட்டதென்றும் கண்டது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 2006-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதியன்று வளர்ச்சி மருந்துகள் ஒழிந்தன.

நம் தேசத்திற்கும் இது தூரத்துச் செய்தியன்று. வேறெந்த மருந்தும் பலியாத நோயாளிக்கு வைத்தியர் இறுதியாகத் தருவது கொலிஸ்டின். 2015-ஆம் வருஷத்தில் சீன தேசத்தார், பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும் கொலிஸ்டினை எதிர்க்குங் கிருமிகளைக் கண்டனர். அவ்வாற்றல் ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறவல்லதாயிருந்தது. இந்திய அரசாங்கம் 2019-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கும் அவற்றின் தீவனத்திற்கும் கொலிஸ்டினைச் செய்தலும் விற்றலும் கூடாதென்று ஆணையிட்டது. முட்டைக்குப் பெயர்போன நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகளும் அவ்வாணைக்கு உட்பட்டவையே. அம்மருந்து போன இடத்தில் எதனை வைப்பது என்று கேட்கும் பண்ணைக்காரருக்கு, புரோபயாடிக் பொட்டலம் இன்று பல கைகளால் நீட்டப்படுகின்றது.

அதனை வாங்குமுன் சில கேள்விகளைக் கேட்டறிதல் நலம். உள்ளிருக்கும் கிருமியின் முழுப்பெயர் எழுதப்பட்டிருக்கின்றதா? ஒரு கிராமுக்கு உயிருள்ளவை எத்தனை? எத்தேதி வரை அவை உயிரோடிருக்கும்? அக்கிருமிகளே மருந்தெதிர்ப்பைப் பிறவற்றுக்குக் கொடுக்காதவையென்று சோதிக்கப்பட்டனவா? இக்கேள்விகளுக்கு விடைசொல்லாத வியாபாரியிடம் வாங்காதிருப்பதே மேல். தயிரினக் கிருமிகள் வெப்பத்துக்கு ஆற்றாதவை. சித்திரை வெயிலில் தகரக் கூரையின்கீழ்க் கிடந்த பொட்டலத்தில் அவை பெரும்பாலும் இறந்திருக்கும். வித்துப்போல் உறங்கவல்ல பேசில்லஸ் இனத்தனவே தீவனத்தைக் கட்டியாக்கும் ஆலைச் சூட்டையுந் தாங்கும். குடிநீரிற் கலந்து கொடுப்பதாயின், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் அவற்றைக் கொன்றுவிடுமாதலின், கிணற்று நீரைப் பயன்படுத்துக. குழாய்நீரே கிடைக்குமாயின், கொழுப்பு நீக்கிய பால்மாவைச் சிறிது முன்னதாகக் கரைத்துக் குளோரினை முறித்தபின் மருந்தைக் கலந்து, சில மணி நேரத்துக்குள் குடித்துத் தீரும் அளவே தொட்டியில் ஊற்றுக.